பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஒரு வரியின் வரலாற்றைத் தேட கிட்டில் எந்த வழி?

ஒரு வாடிக்கையாளரின் பில்களில் அவ்வப்போது ஒரு ரூபாய் குறைந்து வந்தது. தேடிப்போனதில், பைசாவை ரவுண்ட் செய்ய வேண்டிய இடத்தில் அப்படியே கீழே தள்ளிவிடுகிற ஒரு வரி அகப்பட்டது. மீட்டிங்கில் ஒருவர் எல்லோர் கண் முன்னாலும் அந்த ஃபைலுக்கு கிட் பிளேம் போட்டார். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட்; ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டுவது அதன் பிளேம் கட்டளை. திரையில் வந்து நின்றது, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண்ணின் பெயர்.

அந்த வரியை அவர் எழுதவே இல்லை. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு ஃபைலை மூன்றாகப் பிரித்து, கோடின் தோற்றத்தைச் சீராக்கும் ஃபார்மேட்டரையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். சொன்னதைச் செய்தார். அதை அவர் விளக்கிப் புரியவைப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. அந்த அரை நாளில் அவர் பட்ட சங்கடம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது அன்று எங்கள் கண் முன்னால் நடந்தது.

கட்டளை தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. "இந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார்?" என்று கேட்டோம், அதற்குச் சரியான பதிலைத் தந்தது. எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததோ "இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது?" என்பது. நிலம் வாங்குகிறவர் யாரும் பட்டாவில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், மூலப்பத்திரம் கேட்பார். வெறும் பிளேம் பட்டாவோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிப் போக கிட்டிலேயே பல வழிகள் உண்டு. எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

பிளேம்: பெயர் எப்படிக் கிடைக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எந்த வரி யாருடையது என்ற பதிவேடு எதுவும் கிட்டிடம் கிடையாது. ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது மாற்றங்களைச் சேமித்துப் பதியும் ஒவ்வொரு முறையும், ஃபைல்களின் அப்போதைய முழு நிலையை அது வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பிளேம் கேட்கிற ஒவ்வொரு முறையும் இப்போதைய ஃபைலில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கும். "இந்த வரி முந்தைய கமிட்டிலும் இப்படியே இருந்ததா?" என்று பார்த்துக்கொண்டே போகும். இருந்தால் பொறுப்பை முந்தைய கமிட்டுக்குத் தள்ளும். இல்லையென்றால் அங்கேயே நின்று, அந்த கமிட்டின் ஆசிரியர் பெயரையும் தேதியையும் வரிக்குப் பக்கத்தில் போடும். ஆக, திரையில் தெரிகிற பெயர் அந்த நேரத்தில் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. எப்படிக் கணக்கிடச் சொல்கிறோமோ அதைப் பொறுத்துப் பெயரே மாறும்.

கிட் செய்கிற வேலையைச் செய்யும் பழைய மென்பொருளான சப்வெர்ஷனில் இதே கட்டளைக்கு பிளேம், பிரெய்ஸ், அனோடேட் என்று மூன்று பெயர்கள். பழி என்று கூப்பிட்டாலும் பாராட்டு என்று கூப்பிட்டாலும் குறிப்பு என்று கூப்பிட்டாலும் வந்து நிற்பது ஒன்றுதான். கிட்டிலும் அனோடேட் இருக்கிறது, பழைய பழக்கக்காரர்களுக்காக விட்டுவைத்தது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். பெயரில் பழி இருப்பதாலேயே மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அதை ஓட்டத் தோன்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக் கணக்கிடும் விதத்தை மாற்றும் தெரிவுகளுக்கு வருகிறேன். எந்தச் செலவும் இல்லாமல் சேர்க்கக்கூடியது சின்ன எழுத்து டபிள்யூ. இடைவெளி மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று அர்த்தம். இரண்டு ஸ்பேஸ் நான்கு ஸ்பேஸ் ஆனதால் வந்த பெயர்கள் எல்லாம் இதில் கழன்றுவிடும். பைத்தானில் மட்டும் கவனமாக இருங்கள். அங்கே ஒரு வரி நிபந்தனைக்கு உள்ளே போனதா வெளியே வந்ததா என்பதே பக்காக (பிழையாக) இருக்கலாம், அந்த மாற்றத்தையும் சேர்த்து இது மறைத்துவிடும். பைத்தான் ஃபைல்களுக்கு நான் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்ப்பேன்.

அடுத்தது பெரிய எழுத்து எம். ஒரே ஃபைலுக்குள் மேலே இருந்த பகுதியைக் கீழே நகர்த்தியிருந்தால், நகர்த்தியவரை விட்டுவிட்டு எழுதியவரைத் தேடும். பெரிய எழுத்து சி இன்னும் ஒரு படி மேலே போய், வேறு ஃபைல்களிலிருந்து வந்த வரிகளையும் தேடும். இதை எத்தனை தடவை எழுதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு தடவை எழுதினால் அதே கமிட்டில் மாற்றப்பட்ட மற்ற ஃபைல்களில் மட்டும் தேடும். இரண்டு தடவை எழுதினால், புது ஃபைல் உருவான கமிட்டில், அப்போது தொடப்படாத ஃபைல்களிலும் தேடும். மூன்று தடவை எழுதினால் எந்த கமிட்டிலும், எந்த ஃபைலிலும்.

எங்கள் பில் விஷயத்தில் நடந்தது இதுதான். அந்தப் பெண் முதல் கமிட்டில் பகுதிகளைப் புது ஃபைல்களில் ஒட்டினார், சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த கமிட்டில் பழைய ஃபைலை நீக்கினார். நல்ல பழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒட்டிய கமிட்டில் பழைய ஃபைல் தொடப்படவே இல்லை. அதனால் டபிள்யூ மட்டும் போட்டபோதும் அவர் பெயர்தான் வந்தது, ஒரு சி போட்டபோதும் அவர் பெயர்தான் வந்தது. இரண்டாவது சி சேர்த்த பிறகுதான் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கமிட் வெளியே வந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாளாகிறது.

இதற்கும் வரம்புகள் உண்டு. நகர்ந்த பகுதி என்று ஏற்றுக்கொள்ள எம்முக்கு இயல்பாகக் குறைந்தது 20 எழுத்துகளோ எண்களோ பொருந்த வேண்டும், சிக்கு 40. அதனால் தனியாக வெட்டி ஒட்டிய ஒரு சின்ன வரியை இவை தவறவிடும். அந்த எழுத்தை ஒட்டியே வேறு எண் கொடுத்துக் குறைக்கலாம், குறைத்தால் சம்பந்தமில்லாத பொருத்தங்களும் வரத் தொடங்கும். மூன்று சி பெரிய ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) நேரம் எடுக்கும் என்பது இன்னொன்று. பெரிய எழுத்து எல் கொடுத்து, வேண்டிய பத்து இருபது வரிகளுக்கு மட்டும் கேட்டால் காத்திருப்பு குறையும்.

கிடைத்த கமிட் உப்புச்சப்பில்லாததாக இருந்தால் அங்கே நிற்க வேண்டாம். அந்த கமிட் எண்ணுக்குப் பின்னால் ^ குறி போட்டு, அதற்கு முந்தைய நிலையில் மறுபடி பிளேம் கேளுங்கள். ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பின் பிளேம் பக்கத்தில் இதற்கென்றே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. பலர் அதைக் கவனித்ததே இல்லை.

ஃபார்மேட்டர் கமிட்டுகளை ஒதுக்கி வைப்பது

டபிள்யூ இடைவெளியைத்தான் கவனிக்கும். ஃபார்மேட்டர்கள் ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கும், நீள வரியை மூன்றாக உடைக்கும், கடைசியில் ஒரு கமா சேர்க்கும். இதற்கெல்லாம் டபிள்யூ உதவாது. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பு இதற்கு ஒரு வழி கொடுத்தது. ஒதுக்க வேண்டிய கமிட்டுகளின் முழு எண்களை ஒரு ஃபைலில் எழுதி, பிளேமுக்கு அதைக் காட்டலாம். அந்த கமிட்டுகளைத் தாண்டிப் பின்னால் போய்த் தேடும்.

இதை ஒழுங்காகப் பயன்படுத்துவதற்கு நல்ல எடுத்துக்காட்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். 2010இல் சிவிஎஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிட்டுக்கு மாறிய திட்டம் அது. பிஜிஇன்டென்ட் என்ற தங்கள் சொந்த ஃபார்மேட்டர் கருவியை அவர்கள் மொத்தக் கோடின் மேலும் ஓட்டுவது வழக்கம். ஓட்டும்போது ஏராளமான ஃபைல்கள் ஒரே கமிட்டில் மாறும். அந்த கமிட்டுகளின் எண்களை ரெப்போவின் முதல் அடுக்கிலேயே .git-blame-ignore-revs என்ற ஃபைலில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கிட்ஹப் 2022இலிருந்து இந்தப் பெயருள்ள ஃபைல் இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினியில் மட்டும் அது தானாக நடக்காது. ஒவ்வொருவரும் தங்கள் கிட் அமைப்பில் பிளேமுக்கான இக்னோர் ஃபைலின் பெயரை ஒரு தடவை பதிய வேண்டும். அதையும் அந்த ரெப்போவுக்குள் மட்டும் பதியுங்கள். எல்லா ரெப்போவுக்கும் பொதுவாகப் பதிந்தால், அந்த ஃபைல் இல்லாத ரெப்போவில் பிளேம் ஓடாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

இந்த வழி பலிக்க இரண்டு நிபந்தனைகள். ஃபார்மேட்டர் மாற்றம் தனி கமிட்டாக இருக்க வேண்டும். லாஜிக் திருத்தத்தையும் அதோடு கலந்துவிட்டால், ஒதுக்கும்போது உண்மையான மாற்றமும் சேர்ந்து மறைந்துவிடும். அடுத்தது, எண்ணை மெர்ஜ் ஆன பிறகே, அதாவது மாற்றம் முக்கியக் கிளையில் சேர்ந்த பிறகே எழுத வேண்டும். ஸ்குவாஷோ (பல கமிட்டுகளை ஒன்றாக்குவது) ரீபேஸோ (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) செய்தால் கமிட் எண் மாறிவிடும், ஃபைலில் இருப்பது யாருக்கும் உதவாத எண்ணாகிவிடும். இவ்வளவு செய்த பிறகும் கிட் ஊகித்துத்தான் பொருத்துகிறது. ஊகித்துப் பொருத்திய வரிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவைப்பது நல்லது. எந்தப் பெயரை எவ்வளவு நம்பலாம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

லாக்: ஒரு பெயருக்குப் பதில் முழுக் கதை

பிளேம் ஒரு வரிக்கு ஒரே ஒரு பதிலைத்தான் தரும். ஒரு ஃபங்ஷன் எட்டுத் தடவை மாறியிருந்தால், அந்த எட்டையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றால் கிட் லாக் கட்டளையோடு பெரிய எழுத்து எல். 2013இல் வந்த 1.8.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. வரி எண்களைக் கொடுக்கலாம், அல்லது ஃபங்ஷன் பெயரையும் ஃபைல் பெயரையும் கொடுக்கலாம். அந்தப் பகுதி மாறிய ஒவ்வொரு கமிட்டும், அதன் செய்தியும், அந்தப் பகுதிக்கு மட்டுமான டிஃப்பும் (என்ன மாறியது என்ற ஒப்பீடு) அடுத்தடுத்து வரும். முப்பது நாற்பது வரி கொண்ட ஒரு ஃபங்ஷனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புதிதாக ஒரு டீமில் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கதையை வரிசையாகப் படிக்கும்போது பெயரின் மேல் கண் நிற்பதில்லை, காரணத்தின் மேல்தான் நிற்கிறது. குறை ஒன்று உண்டு. பகுதி வேறு ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தால், ஒட்டிய கமிட்டோடு கதை முடிந்துவிடும். அப்போது பிளேமின் சிதான் கைகொடுக்கும்.

இப்போது ஃபைலில் இல்லாத வரியை என்ன செய்வது? "இங்கே ஒரு சரிபார்ப்பு இருந்ததே, எங்கே போயிற்று?" என்று தேடுகிறீர்கள். இருக்கிற வரிகளைப் பற்றி மட்டுமே பேசுகிற பிளேமுக்கு இதில் சொல்ல எதுவும் இல்லை. கிட் லாக்கோடு பெரிய எழுத்து எஸ் போட்டு, நினைவிருக்கும் சொல்லைக் கொடுங்கள். கிட் ஆவணங்களில் இதற்குப் பெயர் பிக்ஆக்ஸ், கடப்பாறை மாதிரி தோண்டுகிற கருவி. அந்தச் சொல் ஒரு ஃபைலில் எத்தனை தடவை இருக்கிறது என்ற எண்ணிக்கை எந்த கமிட்டில் மாறியதோ, அதை மட்டும் காட்டும். முதன்முதலில் நுழைந்த கமிட்டும் தெரியும், நீங்கிய கமிட்டும் தெரியும்.

எண்ணிக்கை என்பதை மனதில் வையுங்கள். ஒரே ஃபைலுக்குள் வரி இடம் மாறினால் எண்ணிக்கை மாறாது, அதனால் அந்த கமிட் வராது. வரியின் மற்ற பகுதி திருத்தப்பட்டாலும் வராது. அவையும் வேண்டும் என்றால் எஸ்ஸுக்குப் பதில் பெரிய எழுத்து ஜி. அது டிஃப்பில் அந்தச் சொல் தென்படுகிற எல்லா கமிட்டையும் கொடுக்கும், குப்பையும் சேர்ந்து வரும். நான் எப்போதும் எஸ்ஸில் தொடங்குவேன். எங்கள் பில் வரிக்கு அதைப் போட்டபோது, முழு வரலாற்றுக்கும் மூன்றே கமிட்டுகள்: எழுதியவர், ஒட்டிய பெண், பழைய ஃபைலை நீக்கிய அதே பெண். மீட்டிங்கில் இதை முதலில் ஓட்டியிருந்தால் அந்த அரை நாளே இருந்திருக்காது.

பைசெக்ட்: வரியே தெரியாதபோது

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் கையில் ஒரு வரியோ ஒரு சொல்லோ வேண்டும். போன மாதம் ஓடியது இன்று ஓடவில்லை, எங்கே என்றே தெரியாது என்ற நிலையில் யார் பெயரைத் தேடுவது? இங்கே கிட் பைசெக்ட். நல்லது என்று தெரிந்த ஒரு கமிட்டையும் கெட்டது என்று தெரிந்த ஒரு கமிட்டையும் சொன்னால், நடுவில் இருப்பதை எடுத்து வைத்து உங்களைச் சோதிக்கச் சொல்லும். நீங்கள் சொல்லச் சொல்லப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சோதனைகளில் முடிந்துவிடும். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி பைசெக்ட் ரன்னிடம் கொடுத்தால் அதுவும் தானாக நடக்கும். பில்ட் ஆகாத கமிட் இடையில் வந்தால் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறட்டும், அதைத் தாண்டிப் போய்விடும்.

உழைப்பு அதிகம் கேட்பது இதுதான், நிச்சயமான பதில் தருவதும் இதுதான். பிளேம் காட்டுகிற கமிட் வரியைத் தொட்டது மட்டுமே. பக் அதனால்தான் வந்தது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பைசெக்ட் காட்டுகிற கமிட்டில் நடத்தை மாறியதை நீங்களே ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். யார்மேலாவது பொறுப்பு வைத்துப் பேச வேண்டிய கட்டாயம் வந்தால், பைசெக்ட் இல்லாமல் பேசக் கூடாது என்பது என் கருத்து.

எடிட்டரா, டெர்மினலா?

இதில் அதிகம் சொல்ல இல்லை. விஎஸ் கோடில் கிட்லென்ஸ், ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் அனோடேட், டெர்மினலிலேயே டிக், இமேக்ஸ்காரர்களுக்கு மேகிட். எல்லாமே உள்ளே பயன்படுத்துவது கிட்டின் வரலாற்றைத்தான். கமிட்டிலிருந்து கமிட்டுக்குத் தாவ இவை வசதி. டெர்மினலில் உள்ள தெரிவுகள் எல்லாம் அங்கே அப்படியே கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கர்சர் நிற்கும் வரிக்கெல்லாம் பக்கத்தில் ஒரு பெயர் மங்கலாகத் தெரிகிற வசதியை நான் அணைத்து வைத்திருக்கிறேன். கோடைப் படிக்கும் முன்பே ஆளைப் படிக்க வைக்கிறது அது.

பெயரை எவ்வளவு நம்பலாம்?

லினக்ஸ் கெர்னலில் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பிளேம் போட்டால், பல வரிகளுக்குப் பக்கத்தில் ஒரே பெயர், ஒரே தேதி: லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரல் 16. லினக்ஸை உருவாக்கியவர்தான், ஆனாலும் அத்தனையையும் அவர் ஒரே நாளில் எழுதவில்லை. 1டிஏ177 என்று தொடங்கும் அந்த கமிட், கெர்னலின் 2.6.12ஆர்சி2 பதிப்பை அப்படியே கிட்டுக்குள் இறக்கிய முதல் கமிட். பழைய வரலாறு கைவசம் இருந்தும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கிட்டில் ஏற்றினால் சுமார் 3.2 ஜிபி வரும், தொடக்க நாட்களில் அது வீண் சிக்கல் என்று கமிட் செய்தியிலேயே அவர் எழுதியிருக்கிறார். முந்தைய வரலாறு தனி ரெப்போவாக இருக்கிறது. வேண்டியவர்கள் கிட் ரீபிளேஸ் கொண்டு இரண்டையும் ஒட்டவைத்து 2005க்கு முன்னாலும் போகலாம். இன்றும் கெர்னல் திருத்தங்களில், எந்த கமிட்டின் தவறைச் சரிசெய்கிறோம் என்று குறிக்கும் ஃபிக்ஸஸ் வரியில் இந்த முதல் கமிட்டின் எண் வருவதுண்டு. பிழை அதற்கும் முன்பே பிறந்தது என்பதுதான் அதன் பொருள்.

உங்கள் ரெப்போவும் சப்வெர்ஷனிலிருந்தோ வேறெங்கிருந்தோ வரலாறு இல்லாமல் வந்திருந்தால் இதே நிலைதான். இறக்குமதி செய்த நல்ல மனிதர் தலையில் எல்லாம் விழும். ஷாலோ குளோனிலும் அப்படியே. வரலாற்றை வெட்டி எடுத்து வந்திருப்பதால், வெட்டிய இடத்தில் இருக்கிற கமிட்டின் ஆசிரியர் பெயரில் அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் விழுந்துவிடும். கமிட் எண்ணுக்கு முன்னால் ^ குறி தெரிந்தால் வரலாறு அங்கே முடிகிறது என்று பொருள், அந்தப் பெயரை நம்பாதீர்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இன்னொரு விதம். அங்கே ரெப்போவில் எழுதும் உரிமை சிலருக்கு மட்டும்தான், கமிட்டின் ஆசிரியர் இடத்தில் பொதுவாக அவர்கள் பெயரே வரும். பேட்ச் எழுதியவர் யார், யார் பார்த்தார், எந்த விவாதத்தில் முடிவானது என்பதெல்லாம் கமிட் செய்தியின் கடைசி வரிகளில் இருக்கும். பிளேமோடு நிற்கிறவருக்கு எழுதியவரின் பெயரே தெரியாது. செய்தியைப் படிக்கிறவருக்கோ விவாதம் வரைக்கும் வழி திறந்திருக்கும். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்கிற டீம்களுக்கும், இரண்டு பேர் ஒரே கீபோர்டில் உட்கார்ந்து எழுதுகிற டீம்களுக்கும் இதே பிரச்சினை வரும்.

ஆகவே என் வரிசை இது. வரி கண் முன்னால் இருக்கிறது, ஏன் என்று தெரிய வேண்டும் என்றால் முதலில் லாக் எல். கதை நடுவில் அறுந்தால் டபிள்யூவும் மூன்று சியும் சேர்த்த பிளேம். அதைத் தட்டச்சு செய்யச் சோம்பல் வரும், அதனால் ஒரு அலியாஸாக (சுருக்கப் பெயராக) போட்டு வைத்திருக்கிறேன். வரி காணாமல் போயிருந்தால் லாக் எஸ். நடத்தை மாறியிருந்து இடம் தெரியவில்லை என்றால், நேரம் போனாலும் பரவாயில்லை, பைசெக்ட். வெறும் பிளேம் எனக்கு ஒன்றுக்குத்தான்: இந்தப் பகுதியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள. கடைசியாகத் தொட்டவருக்கு அதன் அக்கம்பக்கமாவது தெரிந்திருக்கும். கேட்கும்போது, "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று தொடங்காமல், "இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று தனியாகக் கேளுங்கள்.

அந்த ஒரு ரூபாய் விஷயம் எப்படி முடிந்தது என்றால், ஐந்து வருடத்துக்கு முந்தைய கமிட் செய்தியில் ஒரு டிக்கெட் எண் மட்டும் இருந்தது. டிக்கெட்டைத் தேடி எடுத்தோம். அன்றைய ஒரு வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில், பைசாவைக் கீழே தள்ளியே பில் போட வேண்டும் என்று இருந்திருக்கிறது. எழுதியவரும் தவறு செய்யவில்லை. அந்த விதி ஒருவருக்கு மட்டும் என்பதைக் கோடில் யாரும் பிரித்து வைக்காமல் விட்டதுதான் பிழை, அதைப் பிரித்து வைத்தோம். அதே வாரம் எங்கள் ரெப்போவில் இக்னோர் ஃபைலையும் தொடங்கினோம். அதில் முதலாவதாக இருப்பது அந்தப் பெண்ணின் ஃபார்மேட்டர் கமிட்டின் எண். அதற்கு மேலே, இது என்ன, ஏன் செய்தோம், யார் செய்யச் சொன்னோம் என்று ஒரு குறிப்பு. அதை எழுதியது நான்.